பெயர் எழுதாத குப்பி

ஜனவரி 8, திங்கள்

நர்ஸ் இந்த நோட்டை வாங்கச் சொன்னார். குழாயில் எவ்வளவு போகிறது, சிறுநீர் எவ்வளவு வருகிறது, காய்ச்சல் உண்டா என்று தினமும் எழுத வேண்டுமாம். எழுதுவது எனக்குப் புதிதில்லை. பதினாலு வருஷமாக லேபில் அதுதான் பிழைப்பு. லேப் நோட்டுக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. மேலே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். எது தப்பு என்பதும் படிக்கக் கிடைக்க வேண்டும். இங்கேயும் அப்படியே செய்யப்போகிறேன்.

நோயாளி: மயில்சாமி, வயது 51, என் வீட்டுக்காரர். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. உணவுக்குழாயின் நடுவில் புற்றுநோய். தண்ணீர்கூட இறங்குவதில்லை. மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 28 நாள் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு கீமோ. இன்று முதல் நாள்.

கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்ட நெஞ்சில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு அனுப்பினார்கள். அது அழியாமல் குளிக்க வேண்டும்.

கஞ்சி 200 மி.லி., ஆறு முறை. காய்ச்சல் இல்லை.

எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்து, "அழுதுருடி, நெஞ்சுல வெச்சுக்காத" என்றார். வெச்சுக்கொள்ள ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 11, வியாழன்

நான்காம் நாள். அவரை வீட்டில் விட்டுவிட்டு லேபுக்குப் போனேன்.

நான் லேபில் வளர்ப்பதும் இதே நோயைத்தான். எவரோ ஒருவரின் உணவுக்குழாய்ப் புற்றிலிருந்து எப்போதோ எடுத்த செல்கள். பிளாஸ்க்கில் ஒட்டிக்கொண்டு வளரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தீனி மாற்ற வேண்டும், ஞாயிறானாலும் தீபாவளியானாலும். அவர் கிண்டல் செய்வார், "அம்மிணி மாடு கறக்கப் போறா" என்று. கட்டி இருப்பது தெரிந்த நாளிலிருந்து அந்தக் கிண்டல் நின்றுவிட்டது.

எங்கள் வேலை ஒரு மரபணுவின் வாயை அடைப்பது. மரபணு தனக்கு வேண்டியதைச் செய்யச் சொல்லி ஒரு சீட்டு எழுதி அனுப்பும். புற்றுச் செல்லில் ஒரு மரபணு, 'வளரு, வளரு' என்று சீட்டு எழுதிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் உள்ளே அனுப்புகிற சின்ன ஆர்.என்.ஏ. துண்டு அந்தச் சீட்டை மட்டும் தேடிப் பிடித்து அறுத்துவிடும். மரபணு அங்கேயேதான் இருக்கும், எழுதிக்கொண்டும் இருக்கும். சீட்டு மட்டும் போய்ச் சேராது.

சோதனைக்குச் செல்களைப் பிரித்து வைக்கும் தட்டில் மூன்று வரிசை. முதல் வரிசைக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாவதற்கு அந்த ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளையே கலைத்துப்போட்ட வெற்றுத் துண்டு, அது எந்தச் சீட்டையும் தொடாது. மூன்றாவதற்கு நிஜம். மூன்றையும் ஒரே கையால், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கவனிக்க வேண்டும். அப்போதுதான் மூன்றாவது வரிசை செத்தது மருந்தாலா இல்லை நம் கைபட்டதாலா என்று தெரியும்.

இன்று மூன்றாவது வரிசையில் நூற்றுக்கு அறுபத்தைந்து செத்திருந்தது. லேபின் தலைவர் வைஜெயந்தி மேடம் கைகொடுத்தார். நானும் கைகொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி 200.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மூன்று நாளைக்குக் கதிர்வீச்சு கிடையாது. பொங்கல் வைத்தேன். எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். அவருக்குக் குழாயில் பால் 200.

ஜனவரி 18, வியாழன்

ஆறாம் நாள். வீட்டுக்காரருக்கு முன்னால் கதிர்வீச்சுக்குப் போகிற முறை ஜைனுலாபுதீன் என்பவருடையது. கரும்புக்கடைப் பகுதியில் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர். அவருக்கும் அதே நோய், அதே இடம், மூக்கில் அதே குழாய். எங்களுக்குச் சில நாள் பின்னால் ஆரம்பித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, கரண்டு வைக்கிறது என்கிறார்கள். "உங்களுக்கு எத்தனாவது கரண்டு?" என்று கேட்டுத்தான் இரண்டு பேரும் பழக்கமானார்கள். "உங்க கம்பெனி மோட்டாரைத்தான் முப்பது வருஷமாக் கழட்டி மாட்டறேன்" என்றார் ஜைனுலாபுதீன். பிறகு என்ன, இரண்டு பேரும் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுவது பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். குரல் கரகரத்தாலும் விடவில்லை.

"மார்ச்சுல நோம்பு வருது. அதுக்குள்ள தொண்டை தொறந்துச்சுன்னா போதும். பள்ளிவாசல் கஞ்சி ஒரு டம்ளர் குடிச்சுப்புடுவேன்" என்றார் ஜைனுலாபுதீன். எங்கள் வீட்டுக்காரர், "எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைங்க பாய்" என்றார்.

ஜனவரி 25, வியாழன்

பதினோராம் நாள். தொண்டைக்குள் புண். எச்சிலைக்கூடத் துப்புகிறார். மாலையில் திடீரென்று என் லேபைப் பற்றிக் கேட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் முறை.

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "மோட்டாரைக் கழட்டாம, ஸ்டார்ட்டருக்குப் போற ஒயரை மட்டும் கட் பண்ணி உடறீங்க. அப்படித்தான?" என்றார்.

"அப்படித்தானுங்க."

"ஓடறது நின்னு போயிருதா?"

"தட்டுல நிக்குதுங்க."

"அப்ப எனக்குப் போடு."

தட்டில் செல்லின் மேலேயே ஊற்றுகிறோம், உங்கள் உடம்பில் அந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னும் சரியான வழி இல்லை, வயிற்றுக்குள் போனால் அடுத்த நிமிஷம் செரித்துப் போய்விடும், ரத்தத்தில் போனால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், இன்னும் எலிக்குக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னேன். எல்லாம் உண்மை. அவர் கேட்டது மாதிரி தெரியவில்லை.

"எலிக்கு முந்தி எனக்குப் போடு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 29, திங்கள்

குடியரசு தின விடுமுறையும் சனி ஞாயிறும் முடிந்து, இன்று ஆட்டோ வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி 30, செவ்வாய்

போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நடுவில் விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும், விட்ட நாளைப் பின்னால் சேர்த்து வைத்தாலும் அதே பலன் கிடைக்காது என்றார் டாக்டர். அவரிடம் போனைக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 31, புதன்

மூன்றாவது நாளாகப் போகவில்லை.

"எரியுது அம்மிணி. எரிஞ்சு எரிஞ்சு சாகறதுக்கு சும்மாவே சாகறேன். உங்கிட்ட மருந்து இருக்குது, தர மாட்டேங்கிற. அப்பறம் எதுக்கு நான் அங்க போயிப் படுக்கோணும்?"

என் வாயிலிருந்து இப்படி வந்தது: "நாளைக்குக் கரண்டுக்கு வந்தீங்கன்னா, சாயங்காலம் மருந்து கொண்டாறேன். ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை செய்யும். ஒரு நாள் கரண்டு உட்டாலும் மருந்து பலிக்காது. யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என் வேலை போயிரும்."

எழுந்து உட்கார்ந்தார்.

கஞ்சி 200, ஏழு முறை. ஏழாவதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 1, வியாழன்

பன்னிரண்டாம் நாள். எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

மாலை ஆறு மணிக்கு மருந்து என்று எழுதிவிட்டு அதன் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். குப்பி, 2 மி.லி., குழாய் வழியாக.

ஐஸ் நிறைத்த பிளாஸ்க்கில் வைத்துக் கொண்டுவந்தேன். ஐஸ் தேவையில்லை. ஐஸ் இல்லாமல் அவர் நம்பமாட்டார்.

பிப்ரவரி 3, சனி

லேபில் யாரும் இல்லை. செல்களுக்குத் தீனி மாற்றிவிட்டு, பஃபர் எடுத்தேன். பஃபர் என்பது செல்லைக் கழுவுகிற உப்புத் தண்ணீர், முந்தின இரண்டு நாளும் அவருக்குக் கொண்டுபோனதும் இதுதான். அதை மறுபடியும் வடிகட்டினேன், கிருமி புகாத ஹூட்டுக்குள் வைத்து, புதுக் கையுறை போட்டு, பன்னிரண்டு குப்பிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு மி.லி. ஊற்றி மூடினேன். நிஜ மருந்துக்குக்கூட நான் இவ்வளவு கவனம் எடுத்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் மார்க்கரை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'பஃபர்' என்று எழுதினால் அவர் வாசிப்பார். அந்த மரபணுவின் பெயரை எழுத என் கை வரவில்லை. லேபில் பொய்ப் பெயர் எழுதுவது கொலைக்குச் சமம் என்று புதுப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். கடைசியில் ஒன்றும் எழுதாமல் குளிர்பெட்டி ரேக்கில் வைத்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

பதினாலாம் நாள். காத்திருக்கும் இடத்தில் அவரும் பாயும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசினார்கள். நான் பைல் கொடுக்கப் போயிருந்தேன். நான் வந்ததும் மோட்டார் பேச்சுக்கு மாறினார்கள்.

குப்பி 2 மி.லி.

பிப்ரவரி 6, செவ்வாய்

பாய் வரவில்லை. அவருடைய நேரத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சீக்கிரம் முடிந்தது.

பிப்ரவரி 7, புதன்

மேடம் வாரம் ஒருமுறை குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார். இன்று திறந்தார்.

"தமயந்தி, இது யாருது? எட்டு டியூப் இருக்கு, ஒண்ணுலயும் பேர் இல்லை."

"என்னுதுதாங்க மேடம்."

"நீயா?" என்று என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஆச்சரியம்தான். "பேர் இல்லாத டியூப் எங்க போகணும்?"

"குப்பைக்கு, மேடம்."

அவரே எடுத்துச் சிவப்புப் பையில் போட்டார். அந்த விதியை எழுதி ஒட்டியதும் நான்தான், பெட்டிக் கதவில் என் கையெழுத்தே இருக்கிறது. பிறகு, "வீட்ல எப்படி இருக்காரு?" என்றார். "கரண்டு போயிட்டிருக்குங்க மேடம்" என்றேன். அவர் போனதும் புதிதாகப் பதினாறு குப்பி ஊற்றினேன். இந்த முறை லேபில் வைக்காமல் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பாய் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பதினெட்டாம் நாள். மாலையில் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் துப்புகிற கிண்ணம் காலியாக இருந்தது.

"பாரு" என்று தொண்டையைக் காட்டினார். எச்சிலை விழுங்கினார். குரல்வளை மேலே போய் இறங்கியது. மறுபடியும் விழுங்கினார். புதுப் பம்பில் முதல் தண்ணீர் வந்த மாதிரி அவருக்கு ஒரு சிரிப்பு.

"ஒம்பது நாள்ல கேட்டுது பாத்தியா உன்ற மருந்து? கரண்டு எரிச்சல்தான் குடுக்குது. வேலை செய்யறது இதுதான்."

கதிர்வீச்சில் கட்டி சுருங்கியிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான், "ரெண்டும் சேர்ந்துதாங்க" என்றேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. சமையலறைக்குப் போய் நின்றேன், பிறகு கஞ்சியைக் கலக்கினேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இருபதாம் நாள். பாய் வரவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையாங்க?" என்று கேட்டேன். "அவரு வருவாரு" என்று சொல்லி அவர் பேச்சை மாற்றினார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை ஐந்தரைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் பெரிய பிளாஸ்க். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த அவரைப் பார்த்து, "அஸ்ஸலா... வணக்கம்ணா" என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, நான் ரிஸ்வானா. ஜைனுலாபுதீன் பொண்ணு. அண்ணன் உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க." பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து காட்டினாள். விளிம்பு வரைக்கும் ஐஸ். "ஐஸ்லதான் வைக்கணும்னாங்க. அதான் வரும்போதே வாங்கிட்டு வந்துட்டேன்."

"எதை வைக்கறதுக்கும்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர், "நான்தான் சொன்னேன் அம்மிணி. பாய்க்கும் ரெண்டு பாட்டில் குடு. உங்கிட்டக் கேக்கலாம் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "உங்க அத்தா கரண்டுக்கு வரதில்லையே, ஏம்மா?"

"எரியுதுன்னு அழுகறாங்கக்கா. மருந்து இருக்குதுன்னு அண்ணன் சொன்னாங்களாம், இப்ப அண்ணனுக்கு அதுலதான் கேட்டுச்சாம், கரண்டுல ஒண்ணும் இல்லையாம். அந்த மருந்து வரட்டும், அது வந்தாப் போதும், நான் போக மாட்டேன்னு ஒம்பது கரண்டு உட்டுட்டாங்க. நாங்க சொன்னாக் கேக்கறதில்ல. நோம்புக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்குன்னு தினமும் எண்ணிட்டு இருக்காங்க."

ஒன்பது. நான் இந்த நோட்டில் ஒன்பது நாளையும் எழுதவில்லை. மூன்று நாள்தான் எழுதியிருக்கிறேன்.

"அது மருந்தில்லைம்மா. நாளைக்குக் காலையிலயே அத்தாவைக் கூட்டிட்டுக் கரண்டுக்குப் போங்க."

"அக்கா..."

"நெசமாத்தான் சொல்றேன். வெறும் உப்புத் தண்ணி. எங்ககிட்ட மனுசங்களுக்குப் போடற மருந்தே கிடையாது."

அவள் முகம் மாறியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. "உங்க வேலைக்குப் பிரச்சனை வரும்னு பயப்படறீங்க. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்கா. இல்ல, எங்களுக்குன்னாத் தர மாட்டீங்களா? சொல்லிருங்க, நான் போயிர்றேன்."

"குடு அம்மிணி" என்றார் அவர். "மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலைன்னா எப்படி? என்ற பங்குலருந்து குடு. நான் ரெண்டு நாள் உட்டுக்கறேன்."

பிரிட்ஜைத் திறந்தேன். மீதி ஐந்து குப்பி இருந்தது. அவள் பிளாஸ்க்கை நீட்டினாள். நான் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, வாயில் ஊற்றி விழுங்கினேன்.

லேபிலிருந்து வந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். பதினாலு வருஷத்தில் முதல் முறை. ரசத்தில் உப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"உப்புத் தண்ணிம்மா. நீயும் குடிச்சுப் பாரு."

இரண்டாவது குப்பியைத் திறந்து நீட்டினேன். அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாக, "அப்ப அண்ணனுக்கு?" என்றாள்.

"அவருக்கும் இதேதான். பதினேழு நாளா. கரண்டுக்கு வர மாட்டேன்னு இருந்தாரு, வர வைக்கறதுக்குச் செஞ்சேன். அவருக்கு எச்சில் இறங்கறது கரண்டாலதான். உங்க அத்தாவுக்கும் அப்படி இறங்கியிருக்கலாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அது சரியான வாக்கியம். அவள் எழுந்து, செருப்பை மாற்றி மாட்டி, மறுபடி சரியாக மாட்டிக்கொண்டு போனாள். பிளாஸ்க்கை மறந்துவிட்டாள்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பாவா இருக்குது?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியலை. மூக்கு வழியாப் போச்சு."

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு மணிக்குக் கஞ்சி மட்டும், 200.

நான் செய்தது தப்பு. எழுதிவிட்டேன், கோடு போடவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

இருபத்துநாலாம் நாள். அவர் வரமாட்டார் என்று நினைத்து ஆட்டோவுக்குச் சொல்லவில்லை. எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, பைலை எடுத்துக்கொண்டு, தானாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். பஸ்ஸில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

பாய் வந்திருந்தார். இரண்டு வாரத்தில் பாதி ஆளாகியிருந்தார். டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டுத் திட்டியது வெளியே கேட்டது. வெளியே வந்து எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு பாய், "உப்புத் தண்ணிக்கா மயில்சாமி நான் வீட்ல உக்காந்திருந்தேன்?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ரிஸ்வானா முதுகைத் தடவினாள்.

நான் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

பிப்ரவரி 20, செவ்வாய்

இருபத்தைந்தாம் நாள். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நீ எடுத்தது பஃபர்தான?" என்றார். "ஆமாங்க மேடம்." "பஃபரைப் பத்தி யாரும் உன்னைக் கேக்கப் போறதில்லை" என்றார். பிறகு ஒரு மாதத்துக்கு லேப் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் மிச்சமிருந்த மூன்று குப்பியிலும் எழுதினேன்: உப்புத் தண்ணீர். தேதி. என் கையெழுத்து.

அவர் இன்னும் பேசவில்லை. கஞ்சிக்குக் கையை நீட்டுகிறார், போதும் என்றால் கையைக் காட்டுகிறார்.

பிப்ரவரி 23, வெள்ளி

இருபத்தெட்டு. முடிந்தது. நெஞ்சில் இருந்த கோட்டைத் தேங்காய் எண்ணெய் போட்டு அழித்தேன். கை பட்டபோது விலகவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

"வெந்நி வெய்யி" என்றார். ஒன்பது நாளில் முதல் பேச்சு.

மார்ச் 5, செவ்வாய்

ரிஸ்வானாவின் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 9, சனி

பிளாஸ்க்கைக் கழுவி வெயிலில் வைத்தேன். கொடுக்க வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

உணவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அடுத்துச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சைக்கு முன்னால் இன்னொரு ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் முதலில் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள் என்றார்.

வந்ததும் டம்ளரில் தண்ணீரும் ஸ்பூனும் கொண்டுவந்தேன். அவர் தலையை ஆட்டி, பிரிட்ஜைக் காட்டினார். "அதைக் கொண்டா."

"அது பழசுங்க."

"கொண்டா. டெஸ்ட் பண்ணோணும்."

ஒரு குப்பியை எடுத்து வந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நான் எழுதியிருந்ததைப் படித்தார். தேதியையும் படித்தார். ஸ்பூனில் ஊற்றி வாயில் விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியாக இருக்கலாம். இறங்கியது.

"உப்புத்தான்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவில்லை.

மாலையில், "நோம்பு ஆரம்பிச்சிருச்சு. பாய்க்கு எறங்குதான்னு தெரியலை. போன் எடுக்க மாட்டேங்கறாரு" என்றார்.

மார்ச் 21, வியாழன்

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கரும்புக்கடைக்குப் போனேன். நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று நாலரைக்கே கிளம்பினேன். கடைப் பெயரைச் சொன்னதும் ஒருவர் தெருவைக் காட்டினார்.

வாசலில் செருப்புகள். தெரு ஓரம் வரைக்கும் செருப்புகள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் தொப்பி போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டில் நின்ற ஒருவரிடம் பாயைக் கேட்டேன். "காலைல ஒம்பது மணிக்குத் தவறிட்டாரும்மா. நேத்து ரத்தமா வாந்தி எடுத்தாரு. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். உள்ளே ரிஸ்வானா தெரிந்தாள். அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

பிளாஸ்க்கைக் கொடுக்காமல் திரும்பினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்பது கரண்டு. அதை விட்டதாலா, விடாமல் இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா? அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு ஜைனுலாபுதீன் வேண்டும், ஒரு கரண்டும் விடாதவர். அப்படி ஒருவர் கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் என் கையைப் பார்த்தார்.

"பிளாஸ்க்கு ஏன் திரும்பி வந்துச்சு? கதவு பூட்டியிருந்துதா?"

அவருக்கு எதிரில் டம்ளரில் கஞ்சி இருந்தது. இன்றுதான் முதல் முறையாக டம்ளரில். கால்வாசி குடித்திருந்தார்.

"பாய் பள்ளிவாசல் கஞ்சி குடிச்சாராமா?"

அடுத்த வாரம் அவருக்கு ஸ்கேன். டாக்டர் தெம்பாக இருக்கச் சொல்லியிருக்கிறார். "குடிச்சாருங்க, உங்களுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வெச்சிருந்தாரு" என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. என்னால் அதை நன்றாகச் சொல்ல முடியும்.

"இல்லைங்க. பாய் இன்னைக்குக் காலைல இறந்துட்டாரு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"நம்ம தண்ணியாலயா?"

"இருக்கலாமுங்க. எனக்குத் தெரியலை."

அவர் எட்டி என் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், மூடினார்.

"நாளைக்கு நானும் வரேன். ரெண்டு பேரும் போயி அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துட்டு வரலாம்" என்றார். டம்ளரை எடுத்து மீதிக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு வாயாக, நிறுத்தி நிறுத்தி.

வாய் வழியாக, 200 மி.லி.